குழந்தைகள் வார்டில் உளவியல் இன்டர்ன்கள்: எங்கே போஸ்டிங், எத்தனை நாள்?

கல்லூரிகளிலிருந்து கடிதம் வரும் மாதம் இது. எம்.எஸ்சி. உளவியல் மாணவர்களுக்கு ஒரு மாத இன்டர்ன்ஷிப் கேட்டுச் சிலர் எழுதுவார்கள், ஒரு செமஸ்டர் முழுக்கக் கேட்டுச் சிலர். மருத்துவ உளவியல் படிப்பவர்கள் அதைவிட நீண்ட காலத்துக்கு வருவார்கள். குழந்தைகள் பிரிவில் வேலை செய்யும் உளவியலாளர் என்ற முறையில் ஒவ்வொரு வருடமும் என் முன்னால் வந்து நிற்பது ஒரே கேள்விதான்: இவர்களை எங்கே போடுவது?

எங்களைப் போன்ற இடங்களில் நாலு வழி உண்டு. ஓ.பி.யில் உட்காரவைத்துச் சோதனைகள் செய்யப் பழக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு வார்டு என்று சுற்றவிடலாம். வந்த நாளிலிருந்து போகிற நாள்வரை ஒரே வார்டில் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், ஒரு குழந்தையை வந்து பாருங்கள் என்று வார்டு டாக்டர்கள் சீட்டு எழுதி அனுப்பும்போது, அதாவது ரெஃபரல் வரும்போது மட்டும், கூட அழைத்துப் போகலாம். நாலையும் ஏதாவது ஒரு வருடம் செய்து பார்த்துவிட்டேன். இதே முடிவை எடுக்க வேண்டிய மற்ற மருத்துவமனைக்காரர்களுக்கும், எங்கே விண்ணப்பிப்பது என்று யோசிக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுவரை அவகாசம் கொடுத்தது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரத்தோடு நடந்துவந்த இரண்டு வருட எம்.ஃபில். பயிற்சிதான் இத்தனை காலம் எங்களுக்கு அளவுகோலாக இருந்தது. அது மாறும் நேரத்தில், மருத்துவமனைக்குள் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதை மருத்துவமனைக்குள் இருப்பவர்கள்தான் பேச வேண்டும்.

ஓ.பி.யை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் இன்டர்ன் என்றாலே ஓ.பி.தான். சேகுவின் ஃபார்ம் போர்டு, பினே-காமத், வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்று அறிவுத்திறனையும் வளர்ச்சியையும் அளக்கும் டெஸ்ட்கள் வரிசையாக. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகப் பெற்றோர் காலையிலேயே வந்து காத்திருப்பார்கள். வேலை நிஜமான வேலை, அந்தக் குடும்பங்களுக்கு மிகவும் தேவையானது. குழந்தையின் வளர்ச்சிப் படிகளைக் கண்ணால் பார்த்துப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அங்கே வரும் குழந்தை வீட்டிலிருந்து குளித்து, பொட்டு வைத்து வருகிறது. கையில் ட்ரிப்ஸ் இல்லை, அடுத்த ஊசி எப்போது என்ற பயம் இல்லை. இன்டர்னுக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு மேசை இருக்கிறது. மருத்துவச் சூழலில் வேலை செய்யப் பழக்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், ஓ.பி. மட்டும் கொடுத்து அனுப்புவது நீச்சல் கற்க வந்தவரைக் கரையிலேயே நிறுத்திவைப்பது போல. வாரத்தில் ஒரு நாள் போதும்.

அடுத்தது சுற்றிவரும் போஸ்டிங். கல்லூரிகளுக்கு இதுதான் பிடிக்கும். லாக் புக்கில் புற்றுநோய், சிறுநீரகம், இதயம், தீக்காயம், தீவிர சிகிச்சை என்று எல்லாப் பெயரும் வந்துவிடும். மாணவர்களும் இதையே கேட்பார்கள், "எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துட்டா நல்லது மேம்" என்று. நானும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் போட்டேன். அதில் எனக்கிருந்த நம்பிக்கை குறைந்தது ஒரு சின்னப் பையனால்.

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கி மூன்றாவது வாரம். ஐந்து வயது. அந்த வார்டுக்கு அப்போதுதான் மாறிவந்த இன்டர்ன், பத்து நாள் பார்த்துவிட்டு அழகாக ஒரு குறிப்பு எழுதிக் கொண்டுவந்தாள். பையன் அடம் பிடிக்கிறான், அம்மாவை அடிக்கிறான், ராத்திரி இரண்டு மணிக்கு இட்லி கேட்டு அழுகிறான், அம்மா கேட்டதையெல்லாம் கொடுக்கிறாள், ஆகவே நடத்தைச் சீரமைப்புத் திட்டம் தேவை. நட்சத்திர ஸ்டிக்கர் அட்டவணைகூட வரைந்திருந்தாள். அவள் எழுதியது எதுவும் பொய் இல்லை. ஆனால் கேஸ் ஷீட்டில் மருந்துப் பக்கத்தை அவள் புரட்டவில்லை. அந்த வகை ரத்தப் புற்றுநோய்க்கு முதல் கட்டத்தில் நாலு வாரம்போல ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அடங்காத பசி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் அதோடு வருபவை. மருந்தைக் குறைத்து நிறுத்தியதும் சில நாட்களில் பையன் சாந்தமானான். அம்மாவின் மடியில் படுத்து கார்ட்டூன் பார்த்தான். அதைப் பார்க்க அந்த இன்டர்ன் அங்கே இல்லை. இரண்டு வாரம் முடிந்து டயாலிசிஸ் பக்கம் போய்விட்டாள். "அடம் பிடிக்கும் குழந்தை, கண்டிக்காத அம்மா" என்ற படம்தான் அவள் மனதில் தங்கியிருக்கும். அவளைக் குறை சொல்ல மாட்டேன். போஸ்டிங் போட்டது நான்.

நோய்க்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது, அதைப் போஸ்டிங் அட்டவணை வெட்டிவிடுகிறது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று, நாலு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வருவார்கள். இரண்டு வாரம் இருக்கும் இன்டர்ன் ஒரு குழந்தையை ஒரு முறை பார்த்தால் அதிர்ஷ்டம். ஆறு மாதம் இருப்பவர் அதே குழந்தையை ஆறேழு முறை பார்ப்பார். முதல் முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை, நாலாவது முறை "அக்கா, போன தடவை பாதி வரைஞ்சோமே" என்று நோட்டை நீட்டும். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையோ மொத்தம் இரண்டு, மூன்று வருடம். அதில் இரண்டு வாரம் என்பது ஒரு நாவலின் நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்துப் படிப்பது.

வார்டு சிஸ்டர்களுக்கும் இது சோர்வு. இரண்டு வாரத்துக்கு ஒரு புது முகத்துக்கு, கை கழுவுவதிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு அதைவிட. டயாலிசிஸில் இருந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பையன், "உன் பேர் என்ன, என்ன படிக்கிறே" என்று கேட்ட மூன்றாவது அக்காவிடம், "கேஸ் ஷீட்ல இருக்கும், பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

வெளிநாட்டில் சுற்றிவரும் முறைதானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் உளவியல் இன்டர்ன் என்றால் முனைவர் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர். ஒரு வருடம் முழுநேரமாக வேலை செய்வார். அந்த வருடத்தைத்தான் சில மாதச் சுற்றுகளாகப் பிரிக்கிறார்கள். அவர் வரும்போதே சில வருடம் நேரடிப் பயிற்சி முடித்திருப்பார். நம்மிடம் வருவதோ இருபத்தொரு, இருபத்திரண்டு வயது மாணவி. பலருக்கு மருத்துவமனையில் நோயாளியின் உறவினராகக்கூட இருந்து பழக்கமில்லை. பெயர் இரண்டு இடத்திலும் இன்டர்ன்தான். ஆள் வேறு, தேவை வேறு.

சரி, ஒரே வார்டில் வைத்துக்கொண்டால் என்ன நடக்கிறது?

முதல் வாரம் ஒன்றும் நடக்காது. அதுதான் கடினம். ரவுண்ட்ஸில் கடைசி ஆளாக நிற்க வேண்டும், பேசக் கூடாது. எந்த அம்மா எந்தக் கட்டில், அப்பா எந்த நேரம் வாசலில் வந்து நிற்பார், எந்தப் பாட்டி யாருக்கும் தெரியாமல் திருநீறு பூசுகிறார் என்று பார்க்க வேண்டும். சளி, இருமல் இருந்தால் வார்டுப் பக்கமே வரக் கூடாது, ஏனென்றால் கீமோ எடுக்கும் குழந்தைக்கு நம் சளி பெரிய காய்ச்சலாகும். துணி பொம்மை கொண்டுவரக் கூடாது. துடைத்துச் சுத்தம் செய்ய முடிந்த பொம்மை மட்டும்தான். இதெல்லாம் உளவியலா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆமாம், இந்த இடத்து உளவியல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது வாரம் ஊசி அறை. ஒரு காட்சியைச் சொல்கிறேன். நாலு வயதுப் பாப்பா. லைன் போட வேண்டும், அதாவது மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் ஊசி வழியாகச் சின்னக் குழாய் செருக வேண்டும். பழைய பிளாஸ்திரியின் கறுத்த பசை புறங்கையில் சதுரமாக ஒட்டியிருக்கிறது. படுக்கவைத்து இரண்டு பேர் பிடிக்கிறார்கள். இன்டர்ன் குனிந்து, அன்பாக, "வலிக்காதுடா செல்லம், எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்கிறாள். ஊசி ஏறுகிறது. பாப்பா அலறவில்லை. அந்த அக்காவின் முகத்தையே ஒரு கணம் பார்த்தது. அதற்குப் பிறகு அன்று முழுக்க அவளைப் பார்த்தால் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டது.

சாயங்காலம் மூத்த சிஸ்டர் ஒருவர்தான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏம்மா, வலிக்காதுன்னு சொல்லாதே. வலிக்கும், கொஞ்ச நேரம், நான் கூட இருக்கேன்னு சொல்லு. நம்பும்." நான் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்துச் சொல்லவேண்டியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அடுத்த முறை அதே பாப்பாவுக்கு லைன் போடும்போது, தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பை ஒரு மணி நேரம் முன்னாலேயே தடவச் சிஸ்டரிடம் கேட்டிருந்தாள் அந்த இன்டர்ன். படுக்கவைக்காமல் அம்மா மடியில் மார்போடு சாய்த்து உட்காரவைத்தார்கள். கையில் சோப்பு நுரைக் குப்பி. ஊதும்போது மூச்சு தானாகவே நீளமாகும். பாப்பா அழுதது, ஆனால் கையை இழுக்கவில்லை. வலியை மதிப்பிடவும் அங்கேயே கற்றாள். பேச்சு வராத குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் ஃபிளாக் அளவுகோல். கொஞ்சம் பெரிய குழந்தைக்கு முகப் படங்கள். மூன்றாவது வாரத்தில் சிஸ்டர்களே "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க, லைன் போடணும்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு இன்டர்ன் வார்டின் ஆளாகிவிட்டார் என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் இதுதான். சுற்றிவரும் போஸ்டிங்கில் இந்த வாக்கியத்தை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

ஒரே வார்டு இன்னொரு விஷயத்தையும் கற்றுக்கொடுக்கிறது, எனக்கு அது மிக முக்கியம். ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஆன் கசாக் 2006-ல் முன்வைத்த மாதிரி ஒன்று உண்டு. ஒரு முக்கோணம். அகலமான அடிப்பகுதியில் இருப்பவை, கவலைப்பட்டாலும் சமாளித்துக்கொள்ளும் குடும்பங்கள், இவைதான் அதிகம். நடுவில், கூடுதல் கவனிப்பு தேவைப்படுபவை. உச்சியில், சிகிச்சை அளவுக்கு உதவி தேவைப்படும் சிலர். வகுப்பில் இதை வரைந்து காட்டினால் தலையாட்டுவார்கள். வார்டில் மூன்று மாதம் இருந்தால் கண்ணால் பார்ப்பார்கள். ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, மூத்த பிள்ளையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, தரையில் பாய் விரித்துப் படுத்து, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கிவரும் அம்மாக்கள். இவர்களுக்கு நம் "கவுன்சிலிங்" தேவையில்லை. நேர்மையாக ஒரு தகவல், மரியாதையாக ஒரு வார்த்தை, பிள்ளைக்கு ஊசி போடும்போது பக்கத்தில் ஒரு ஆள். இது தெரியாத இன்டர்ன், நோயுள்ள குழந்தையின் குடும்பம் என்றாலே உடைந்துபோன குடும்பம் என்று நினைத்துக்கொள்வார்.

இதற்கு விலை உண்டு, மறைக்க மாட்டேன்.

முதல் விலை, பாசம். ஆறு மாதம் ஒரே வார்டில் இருந்தால் சில குழந்தைகளின் இறப்பையும் பார்க்க நேரும். சில வருடம் முன் ஒரு இன்டர்ன் திங்கட்கிழமை காலை வழக்கம்போல வண்ணப் பென்சிலோடு வந்தாள். கட்டிலில் புது விரிப்பு, வேறு குழந்தை. யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து எங்களிடம் ஒரு விதி: வார விடுமுறையில் குழந்தை தவறினால், இன்டர்ன் வார்டுக்குள் நுழைவதற்கு முன் சூப்பர்வைசர் போன் செய்து சொல்ல வேண்டும். நேரமில்லை, மறந்துவிட்டது என்ற பேச்சே கூடாது. இதைச் செய்ய முடியாத துறை, தயவுசெய்து புற்றுநோய் வார்டில் மாணவர்களைப் போட வேண்டாம்.

இரண்டாவது, நம்பிக்கை வந்தால் குழந்தைகள் சொல்ல ஆரம்பிப்பார்கள். வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்றும் சொல்வார்கள். 2012-ஆம் வருட போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். இன்டர்னுக்கு விலக்கு இல்லை. ஆகவே முதல் நாளே சொல்லிவிட வேண்டியது: "யாருகிட்டேயும் சொல்ல மாட்டேன்" என்று எந்தக் குழந்தைக்கும் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். குழந்தை சொன்னால் குறுக்கே கேள்வி கேட்காமல் கேளுங்கள், அன்றே சூப்பர்வைசரிடம் வாருங்கள். கட்டிலுக்குக் கட்டில் இரண்டடி இடைவெளி உள்ள வார்டில் இப்படிப்பட்ட பேச்சுக்கு எங்கே போய் உட்காருவது என்பதையும் முன்கூட்டியே காட்டிவைக்க வேண்டும். எங்களுக்கு டிரெஸ்ஸிங் அறை, மதியம் இரண்டு மணிக்கு மேல்.

மூன்றாவது விலை நம்முடையது. ஒரே வார்டு முறையில் சூப்பர்வைசரும் அந்த வார்டில் நிற்க வேண்டும். மாலையில் அறிக்கை வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போடுவது சூப்பர்விஷன் ஆகாது. அந்த ஸ்டிக்கர் அட்டவணையை நான் அறிக்கையாகத்தான் பார்த்தேன்; பக்கத்தில் நின்றிருந்தால் முதல் நாளே மருந்துப் பக்கத்தைப் புரட்டச் சொல்லியிருப்பேன். என் கணக்கில் ஒரு சூப்பர்வைசருக்கு வார்டில் இரண்டு இன்டர்ன், அதற்கு மேல் போனால் யாரையும் பார்க்க முடியாது. கல்லூரி எட்டுப் பேரை அனுப்புகிறோம் என்றால் மறுத்துவிடுவதுதான் மாணவர்களுக்குச் செய்யும் நன்மை. வார்டில் எட்டு மாணவர்கள் சுவரோரம் நிற்பதைவிட அந்த அம்மாக்களுக்குத் தொந்தரவு வேறில்லை.

கடைசி வழி, ரெஃபரல். டியூட்டி டாக்டர் எழுதும் சீட்டில் பெரும்பாலும் ஒரே வாக்கியம் இருக்கும்: நோயாளி ஒத்துழைக்கவில்லை, கவுன்சிலிங் தேவை. ஒரு மருத்துவமனை உளவியலாளரின் பாதி வேலை அந்தச் சீட்டுக்குப் பின்னால் என்ன கேள்வி இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். பதின்மூன்று வயதுப் பெண், டைப் 1 சர்க்கரை நோய், மூன்றாவது முறையாக ரத்தத்தில் அமிலம் ஏறி அட்மிட் ஆகியிருக்கிறாள். மதிய இன்சுலினைப் போடுவதில்லை. சீட்டில் எழுதியிருந்தது, "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை". உட்கார்ந்து கேட்டால், பள்ளியில் ஊசி போட்டுக்கொள்ள கழிப்பறையைத் தவிர இடமில்லை. அதோடு, வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணத்துக்குப் பெண் கேட்டு யாரும் வர மாட்டார்கள் என்று பெரியம்மா சொல்லிவைத்திருக்கிறார். அந்தப் பெண் ரொம்பவே ஒத்துழைத்திருக்கிறாள், பெரியம்மாவின் பேச்சுக்கு. அப்புறம் நாங்கள் செய்தது கவுன்சிலிங் என்று சொல்ல முடியாது. தலைமையாசிரியைக்கு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கினோம். அம்மாவையும் பெரியம்மாவையும் ஒன்றாக உட்காரவைத்து டாக்டரைப் பேசவைத்தோம். கேஸ் ஷீட்டில் மூன்று வரி எழுதினோம்.

அந்த மூன்று வரி எழுதப் பழகுவது ரெஃபரல் வேலையில்தான் முடியும். டாக்டர்களுக்கு நாலு பக்க அறிக்கை படிக்க நேரமில்லை. என்ன பார்த்தோம், என்ன நினைக்கிறோம், நீங்கள் என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் வலிப்பு போல விழும் குழந்தைகளும் இந்த வழியாகத்தான் வருவார்கள். "ஒண்ணுமில்லைம்மா, மனசுதான்" என்ற வார்த்தை எவ்வளவு காயப்படுத்தும், அதற்குப் பதில் எப்படிச் சொல்வது என்று கற்க இதுவே இடம்.

ஆனால் ரெஃபரலை முதல் போஸ்டிங்காகக் கொடுத்தால் கெடுதல். முக்கோணத்தின் உச்சியை மட்டுமே பார்ப்பார்கள். வார்டில் யாரையும் தெரியாது, சிஸ்டரிடம் என்ன கேட்பது என்று தெரியாது, சீட்டைப் பிடித்துக்கொண்டு கட்டில் எண் தேடுவார்கள். வார்டு தெரிந்தவரோ குழந்தையிடம் போவதற்கு முன் சிஸ்டரிடம் போவார்.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். ஒரு மாதத்துக்கு வருபவர் ஒரே வார்டில் இருப்பார், ஊசி அறையும் விளையாட்டும் மட்டும். கவுன்சிலிங் கிடையாது, சோதனை கிடையாது. சான்றிதழில் "ஆலோசனை வழங்கினார்" என்று எழுதித் தர மாட்டேன், கல்லூரி கேட்டாலும். ஆறு மாதம் வருபவர் முதல் நாலு மாதம் ஒரே வார்டு, வாரம் ஒரு நாள் ஓ.பி., கடைசி இரண்டு மாதம் என்னோடு ரெஃபரல். அதைவிட நீண்ட காலம் இருப்பவர்களுக்கு மட்டும் அதன்பின் சுற்றிவரும் போஸ்டிங். அப்போது அது பலன் தருகிறது, ஒரு வார்டை முழுதாகத் தெரிந்தவருக்கு மற்றதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு இடம் இருப்பதால். புற்றுநோய் வார்டு தாங்காது என்று யாராவது சொன்னால் தலசீமியா டே கேர் அல்லது டயாலிசிஸ் கொடுக்கிறேன். அங்கேயும் குழந்தைகள் திரும்பத் திரும்ப வருவார்கள், கற்கவேண்டியது கிடைத்துவிடும்.

மாணவர்களுக்கு ஒன்று. இடம் தேடும்போது எத்தனை துறைகள் காட்டுவார்கள் என்று கேட்காதீர்கள். சூப்பர்வைசர் வார்டில் எத்தனை மணி நேரம் உங்களோடு நிற்பார் என்று கேளுங்கள். பெரிய பெயருள்ள இடமா என்பது அதற்கு அப்புறம்.

இந்த முறையில் நான் சரியாகச் செய்யக் கொஞ்ச காலம் பிடித்தது விடைபெறுவது. நாலு மாதம் பழகிய அக்கா ஒரு வெள்ளிக்கிழமை வராமல் போனால், மருத்துவமனையில் இருக்கும் குழந்தை அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது. அந்த வார்டில் ஆட்கள் காணாமல் போவதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது. அதனால் மூன்று வாரம் முன்பே தொடங்குகிறோம். தினசரிக் காலண்டரிலிருந்து தாள்களைக் கிழித்து, குழந்தையும் இன்டர்னும் சேர்ந்து கடைசி நாள்வரை வரிசையாக ஒட்டுவார்கள். வருகிற ஒவ்வொரு நாளும் அன்றைய தாளில் குழந்தை ஒரு படம் வரையும். வீட்டுக்குப் போய்த் திரும்பிவரும் குழந்தைக்கு அதன் அடுத்த தேதியைப் பார்த்துத் தாளைக் குறைத்துக்கொள்வோம். கடைசி நாள் தாள்களைக் குழந்தை வைத்துக்கொள்ளும், இன்டர்ன் எதையும் எடுத்துப் போகக் கூடாது. போன பேட்ச் முடிந்தபோது ஒரு பையன் மிச்சம் ஒரே ஒரு தாளில் எதுவும் வரையாமல் வைத்திருந்தான். "இது அடுத்து வர்ற அக்காவுக்கு" என்றான். அது இப்போது சிஸ்டரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. புது பேட்ச் ஜூலை முதல் வாரம் வருகிறது.